இன்னும் வணக்கம்தான்

1944 ஏப்ரல் 27, வியாழன்
ரங்கூன் சிறை

காகிதமும் பென்சிலும் கொடுத்திருக்கிறார்கள். வானொலியில் பேசுவதற்கு நான் ஒரு பேச்சு எழுத வேண்டுமாம். அதனால்தான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். காவல்காரன் கம்பி வழியே எட்டிப் பார்த்துவிட்டுத் திருப்தியோடு போகிறான். தமிழ் எழுத்து அவனுக்கு எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கும். பேச்சு வளர்கிறது என்று நினைத்துக்கொள்ளட்டும்.

என் பெயர் வையாபுரி, ஊர் திண்டுக்கல், இந்திய விமானப் படையில் சார்ஜென்ட். எங்கள் விமானத்துக்கு வெஞ்சன்ஸ் என்று பெயர். பழிவாங்கல் என்று அர்த்தம். செங்குத்தாகத் தலைகீழாகப் பாய்ந்து குண்டைப் போட்டுவிட்டு மேலே ஏறும். அதில் இரண்டே பேர். முன்சீட்டில் விமானி உத்தய்யா சார், குடகுக்காரர். பின்சீட்டில் நான், வயர்லெஸ்ஸுக்கும் துப்பாக்கிக்கும். அவர் போகிற இடத்தைப் பார்ப்பார், நான் போட்டுவிட்டு வந்த இடத்தைப் பார்ப்பேன். மார்ச் மாதம் அரக்கானில் ஒரு பாலத்தை உடைத்துவிட்டுத் திரும்பும்போது அடிபட்டோம். விமானம் வயலில் வயிற்றால் உரசி இறங்கியபோது சாருடைய இடது கால் நசுங்கிவிட்டது. வெளியே இழுத்துப் போட்டேன். மூச்சு வாங்கி நிமிர்ந்தால் சுற்றிலும் ஜப்பானியர்.

இப்போது அவர் ஒரு அறையில், நான் அடுத்த அறையில். எனக்கு ஒன்றும் பயமில்லை. எழுத்து கோணலாக வருவது பென்சில் மொட்டையாக இருப்பதால்.

ஏப்ரல் 29, சனி

என்னைக் கவனித்துக்கொள்கிற அதிகாரியின் பெயர் மொரிதா. என்னைவிட நாலைந்து வயது பெரியவனாக இருப்பான். மிகவும் மரியாதைக்காரன். அடிப்பதற்கு முன்னால் வெள்ளைக் கையுறையைக் கழற்றி மடித்து மேசையில் வைப்பான்.

அவனுக்கு மொழிபெயர்க்க வருபவர் நெய்னா மரைக்காயர். நாகூர்க்காரர், ஐம்பது வயது, ரங்கூனில் ஜவுளிக்கடை வைத்திருந்தவர். கோபே நகரத்திலிருந்து துணி வாங்கிய காலத்தில் கற்ற ஜப்பானிய மொழிதான் இப்போது அவருக்குச் சோறு போடுகிறது.

ஜப்பானியரோடு சேர்ந்து போரிடும் இந்தியப் படையில் சேர்கிறாயா என்று முதலில் கேட்டார்கள். சேர்ந்தவர்களோடு எனக்குச் சண்டை கிடையாது. அவர்கள் மனசு அவர்களுக்கு. என் விமானியின் காலைச் சீழ் பிடிக்க விட்டுவிட்டு என்னிடம் வந்து கேட்கிறவனுக்கு என்னிடம் ஒரே பதில்தான் உண்டு. அதைச் சொன்னேன். கையுறையைக் கழற்றினான்.

அப்புறம் இறங்கி வந்தான். சேர வேண்டாம், வானொலியில் தமிழில் பேசினால் போதும். மூன்று விஷயம் வர வேண்டும். இந்திய விமானிகளே, குண்டு போடாதீர்கள், விமானத்தோடு இந்தப் பக்கம் வந்துவிடுங்கள். கைதிகளை இங்கே அன்பாக நடத்துகிறார்கள். காயம்பட்டவர்களுக்கு உயர்ந்த வைத்தியம் கிடைக்கிறது.

மூன்றாவதைக் கேட்டதும் சிரித்துவிட்டேன். அதற்குத் தனியாகக் கன்னத்தில் ஒரு அறை.

பேரம் இப்படி முடிந்தது: நான் எழுதுகிற வரைக்கும் உத்தய்யா சாருக்குத் தினமும் மாத்திரை. பேசி முடித்தால் டாக்டர். சரி என்றேன். எழுதுவதற்குத்தான் சரி என்றேன்.

எங்கள் பெயர்களை இவர்கள் இன்னும் யாருக்கும் அனுப்பவில்லை. வீட்டுக்குக் ‘காணவில்லை’ என்று தந்தி போயிருக்கும். அக்கா அழுதிருப்பாள். விமானத்தில் ஏறாதே என்று அவள் சொன்னபோது நான் காது கொடுக்கவில்லை, இப்போது அவள் அழுதால் அது அவள் பாடு. அவளைப் பற்றி நான் நினைப்பதே இல்லை.

மே 1, திங்கள்

மூன்று நாளில் பேச்சு வேண்டும் என்றான் மொரிதா. முடியவே முடியாது என்றேன். தமிழில் பேச்சு என்றால் எடுத்த எடுப்பில் விஷயத்துக்கு வர முடியாது, முதலில் வணக்கம் சொல்ல வேண்டும் என்றேன். வணக்கம் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டான். அது மேடையைப் பொறுத்தது என்றேன்.

இதில் பொய் ஒன்றும் இல்லை. பட்டாளத்துக்கு வருவதற்கு முன்னால் நான் நாகரத்தினம் அண்ணன் கடையில் வேலை பார்த்தேன். ஒலிபெருக்கி வாடகைக்கு விடுகிற கடை. எந்தக் கட்சிக் கூட்டமானாலும், எந்தக் கோயில் விழாவானாலும், பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவன் நான்தான். தலைவர் அவர்களே, முன்மொழிந்த இன்னார் அவர்களே, வழிமொழிந்த இன்னார் அவர்களே, பந்தல் போட்டுக் கொடுத்த வள்ளல் அவர்களே என்று ஆரம்பித்தால் சுண்டல் விற்பவன் கூடையைக் காலி செய்துவிட்டு வீட்டுக்குப் போயிருப்பான். யாராவது ஒருவர் பெயர் விட்டுப்போனால் தொலைந்தது. அந்த மனிதர் மேடையை விட்டு இறங்கிப் போவார், அவர் பின்னாலேயே பாதிக் கூட்டம் போகும். எங்கள் ஊரில் ஒரு சங்கமே அப்படித்தான் இரண்டானது.

மொரிதா மரைக்காயரைப் பார்த்தான். இவன் சொல்வது உண்மையா என்று கேட்டிருக்க வேண்டும். மரைக்காயர் முகத்தில் சலனமே இல்லை. உண்மைதான், வணக்கம் சரியாக அமையாத பேச்சை எங்கள் ஜனம் காதில் வாங்காது என்று சொன்னாராம். மொரிதா தலையசைத்தான். பெரியவர்களுக்கு மரியாதை செய்கிற ஜனம் நல்ல ஜனம் என்றான். இன்னும் காகிதம் கொண்டுவரச் சொன்னான்.

சாருக்கு மாத்திரை வந்தது.

மே 2

வணக்கம் எழுதிக்கொண்டிருக்கிறேன். முதல் வரியில் இருக்கிறேன்.

மே 6, சனி

பகலில் நம்முடைய விமானங்கள் வந்தன. நாலு எஞ்சின் வைத்த பெரிய விமானங்கள். துறைமுகத்துப் பக்கம் தரை அதிர்ந்தது. நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு தொண்டை கிழியக் கத்தினேன். கத்தியதற்கு முதுகில் நாலு விழுந்தது. பரவாயில்லை, கத்தாமல் இருந்தால்தான் வலித்திருக்கும்.

சாயங்காலம் மரைக்காயர் வந்தார். தொப்பியிலும் சட்டையிலும் சுண்ணாம்புத் தூசி. வழக்கம்போல எதிரில் உட்காராமல் சுவரோரமாக நின்றார். போன வருஷம் இதே மாதிரி ஒரு பகலில் அவருடைய தம்பி கடைக்குள் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தாராம். கடையும் போயிற்று, தம்பியும் போனார்.

“நீங்கள்லாம் கீழ பாக்குறதே இல்லையா தம்பி?”

பின்சீட்டில் இருப்பவன் பார்ப்பான், ஆனால் அந்த உயரத்தில் புகைதான் தெரியும், ஆள் தெரியாது என்றேன்.

“அந்தப் பொகைக்குள்ளதான் தம்பி ஆளு ஈக்கிது.”

எதற்கும் வாயில் பதில் வைத்திருப்பவன் நான். போரை நாங்களா தொடங்கினோம் என்று கேட்க வாயைத் திறந்தேன், அப்படியே மூடிக்கொண்டேன். எனக்கு வெட்கமாக இருந்தது. ரங்கூனில் நான் குண்டு போட்டதில்லை. ஆனால் போட்ட இடங்களிலும் கடைகள் இருந்திருக்கும்.

போகும்போது மடியிலிருந்து ஒரு துண்டு வெல்லம் எடுத்து, காயம்பட்டவருக்குக் கொடுங்கள் என்று என் கையில் வைத்தார்.

மே 9, செவ்வாய்

ஒழுங்காக எழுதுகிறேன் என்பதற்குச் சன்மானமாக, தினமும் ஒரு தடவை சார் அறைக்குப் போய்க் காயத்தைக் கழுவ விடுகிறார்கள். கால் கொஞ்சம் கறுத்திருக்கிறது. ரத்தக்கட்டு, நாளானால் சரியாகிவிடும். நாற்றத்துக்குக் காரணம் பழைய துணி. நல்ல துணி கேட்டிருக்கிறேன்.

சார் சென்னையில் கல்லூரியில் படித்தவர், தமிழ் நன்றாகவே பேசுவார். என்ன எழுதுகிறாய் என்று கேட்டார். வணக்கம் எழுதுகிறேன் சார், அதுவே முடிய மாட்டேன் என்கிறது என்றேன். சிரித்தார். சிரிக்கும்போது பல்லைக் கடித்துக்கொண்டார். எதற்காக எழுதுகிறேன் என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது.

“எனக்காக அந்தப் பொய்ய சொல்லிடாத, வையா. இது ஆர்டர்.”

எழுதுவேன் என்றுதான் ஒப்புக்கொண்டேன், பேசுவேன் என்று யார் சொன்னது என்றேன். அப்படியானால் சரி என்று கண்ணை மூடிக்கொண்டார். வெல்லத்தை அவர் வாயில் வைத்தேன். கரையவே இல்லை, அப்படியே இருந்தது. எடுத்து வைத்திருக்கிறேன், பசிக்கும்போது கேட்பார்.

மே 12, வெள்ளி

வணக்கத்துக்குப் பெயர் போதவில்லை. நான் எழுதியதை மொரிதா படிக்கச் சொல்லிக் கேட்கிறான், அதனால் சும்மா ஒப்பேற்ற முடியாது. உண்மையான தலைவர்கள் பெயரைப் போட்டால் விசாரணை வரும். எனவே இங்கே இருக்கிறவர்களையே மேடையில் ஏற்றிவிட்டேன்.

அடுத்த கட்டடத்தில் நம் தரைப்படைக் கைதிகள் இருக்கிறார்கள். மலவாளி சுமக்கும் முறை வரும்போது வாளி கழுவும் தொட்டியடியில் சந்திப்போம். வாளியை வைத்துவிட்டுக் குனிந்தபடியே பெயரும் ஊரும் சொல்வார்கள். விருத்தாசலம் கொளஞ்சி, லால்குடி அடைக்கலம், கோவில்பட்டி சித்திரைக்கனி, தூத்துக்குடி மிக்கேல். மறக்காமல் இருக்க எல்லாரையும் ரயிலில் ஏற்றியிருக்கிறேன். எழும்பூரில் புறப்பட்டு ஸ்டேஷன் ஸ்டேஷனாகத் தெற்கே போனால் ஒருத்தரும் விட்டுப்போவதில்லை.

இதை விளையாட்டாகத்தான் தொடங்கினேன். மலவாளி சுமக்கிற அடைக்கலத்தை ‘லால்குடி தந்த தவப்புதல்வர், வாரி வழங்கும் வள்ளல் அடைக்கலம் அவர்களே’ என்று எழுதி, தொட்டியடியில் அவனிடமே சொல்லிக் காட்டினேன். சிரிப்பான் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை.

“ரேடியோவுல என் பேரச் சொல்லுவீங்களாண்ணே? நான் செத்துட்டேன்னு எங்க வீட்டுல காரியமே பண்ணிருப்பாங்க.”

நான் பேசப்போவதில்லை என்று அவனிடம் சொல்ல வாய் வரவில்லை. பார்க்கலாம் என்றேன். அவன் வாளியைத் தூக்கிக்கொண்டு நடந்த நடையே வேறு மாதிரி இருந்தது. எனக்கு எரிச்சலாக வந்தது. இதற்குத்தான் நான் யாரிடமும் ஒட்டிப் பழகுவதில்லை.

நாகரத்தினம் அண்ணன் கதவைச் சாத்திக்கொண்டு எதிரி வானொலி கேட்கிற ஆசாமி. நான் அங்கே இருந்த காலத்தில் பெர்லின் கேட்பார். இப்போது ரங்கூனைப் பிடிக்காமல் இருக்க மாட்டார். அவர் காதில் ஒரு பெயர் விழுந்தால் மறுநாள் ரயிலில் அந்தந்த ஊருக்குச் செய்தி போய்விடும்.

மே 14, ஞாயிறு

சார் இன்று நன்றாகத் தூங்குகிறார். கூப்பிட்டேன், விழிக்கவில்லை. உடம்பு நெருப்பாகச் சுடுகிறது, வெயில் காலம். தூக்கம் உடம்புக்கு நல்லது.

மே 16, செவ்வாய்

காலையில் எண்ணிக்கைக்காக அவர் அறையைத் திறந்தார்கள். மறுபடி பூட்டவில்லை.

உத்தய்யா சார் போய்விட்டார்.

மே 18, வியாழன்

மொரிதா வந்தான். தொப்பியைக் கழற்றி, இடுப்பு வளையக் குனிந்து வருத்தம் தெரிவித்தான். உன் வணக்கம் இவ்வளவு நீளாமல் இருந்திருந்தால் டாக்டர் முன்னாலேயே வந்திருப்பார் என்றான். மரைக்காயர் இதைத் தமிழில் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

பேச்சும் கிடையாது, ஒன்றும் கிடையாது என்றேன். கையுறையைக் கழற்றினான். அடி விழுந்ததே எனக்கு உறைக்கவில்லை. அவன் சொன்ன வார்த்தைதான் உள்ளே குடைந்துகொண்டிருந்தது. இன்னும் குடைகிறது. நான் இழுத்தடித்ததால்தான் செத்தாரா? இல்லை. காலைப் பார்த்த முதல் நாளே டாக்டரைக் கூட்டிவந்திருக்க வேண்டும், கூட்டிவராதவன் அவன். இதை எத்தனை தடவை எனக்கே சொல்லிக்கொண்டாலும் நடுவில் எங்கேயோ நொண்டுகிறது.

அவன் போன பிறகும் மரைக்காயர் இருந்தார். உத்தய்யா சாருக்கு அம்மா இருக்கிறார்களா என்று கேட்டார். மடிக்கேரியில் இருக்கிறார்கள் என்றேன். எப்போது தெரியவரும் என்று கேட்டார். இந்தச் சண்டை முடிந்தால் ஒருவேளை தெரியவரும், முடிகிற வரைக்கும் அந்த அம்மா வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்றேன். சொல்லும்போது அழுகை வந்துவிட்டது. கொசு கடித்த மாதிரி முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

அப்போதுதான் தீர்மானித்தேன். பேசத்தான் போகிறேன். மொரிதாவுக்கு எழுதிக் கொடுக்கப்போகிற பேச்சில் வணக்கம் அரைப் பக்கம், அவனுடைய மூன்று பொய்கள் இரண்டு பக்கம். எனக்குக் கொடுத்திருக்கும் நேரம் பத்து நிமிடம். அது முடிந்ததும் நிலையம் வேறு மொழிக்கு மாறிவிடும், ஒரு நொடி காத்திருக்க மாட்டார்கள். எழுதிய வணக்கத்தோடு நிறுத்தாமல் பத்து நிமிடமும் நான் வணக்கமே சொல்லிக்கொண்டிருந்தால்? சாரிலிருந்து அடைக்கலம் வரை ஊர், பெயரோடு எல்லாரும் போய்ச் சேர்ந்துவிடுவார்கள். அந்த மூன்று பொய்யும் காகிதத்திலேயே கிடக்கும்.

மரைக்காயரிடம் மறைக்காமல் சொன்னேன். அவர் பக்கத்தில் நிற்காமல் இது நடக்காது. மாட்டினால் அவர் தலைதான் முதலில் உருளும். நம் விமானத்துக்குத் தம்பியைப் பறிகொடுத்தவர் எனக்காக இதை ஏன் செய்ய வேண்டும்? முடியாது என்றால் கோபப்பட எனக்கு உரிமை இல்லை. தாடியைத் தடவிக்கொண்டார்.

“அஞ்சு மணிக்கு ரங்கூன் கப்பலப் பாக்க எங்க உம்மா தெனமும் கடற்கரைக்குப் போவாஹ. கப்பல் நின்னு ரெண்டு வருசமாச்சு. நாகூர் நெய்னா மரைக்காயர் அவர்களேன்னு என்னையும் ஒரு வாட்டி சொல்லிடுங்க தம்பி.”

ரயில் தடத்தை மாற்றிவிட்டேன். திருச்சியில் இறங்கி நாகூர் போய்விட்டு வர வேண்டும்.

மே 24, புதன்

முடிந்தது. மறப்பதற்குள் எழுதிவிடுகிறேன். எப்போது வந்து இழுத்துக்கொண்டு போவார்களோ தெரியாது.

லாரியில் கொண்டுபோனார்கள். சுத்தமான சட்டை கொடுத்தார்கள். நல்ல மைக், ஜெர்மன் சரக்கு, எங்கள் கடையில் இப்படி ஒன்று இருந்ததில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஜப்பானியப் பொறியாளர். இந்தப் பக்கம் என் எதிரில் மொரிதா, கையில் ஜப்பானிய மொழிபெயர்ப்பு. அவன் பக்கத்தில் மரைக்காயர். அறிவிப்பாளர் ஒருவர், இந்திய விமானப் படை வீரர் ஒருவர் உங்களோடு பேசுவார் என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். சிவப்பு விளக்கு எரிந்தது.

முதல் வணக்கம் சாருக்கு. இந்தக் கூட்டத்துக்குத் தலைமை தாங்க வேண்டியவரும், மே மாதம் பதினாறாம் நாள் ரங்கூனில் நம்மை விட்டுப் பிரிந்தவருமான மடிக்கேரி உத்தய்யா அவர்களே என்றேன். குரல் உடையவில்லை. உடையாது என்று எனக்குத் தெரியும்.

பிறகு ரயில் புறப்பட்டது. ராயபுரம் லாசரஸ் அவர்களே. செங்கல்பட்டு முனிரத்தினம் அவர்களே. விழுப்புரம் ஏகாம்பரம் அவர்களே. ஒவ்வொருவருக்கும் ஒரு அடைமொழி. கடையில் கேட்ட அத்தனை பேச்சாளர்களும் என் வாயில் வந்து உட்கார்ந்துகொண்டார்கள். அஞ்சா நெஞ்சன், கொடைவள்ளல், சொன்ன சொல் தவறாத செம்மல். விருத்தாசலத்தில் கொளஞ்சி ஏறினான். மொரிதா காகிதத்தில் விரலை வைத்துத் தொடர்ந்துகொண்டிருந்தான். அரைப் பக்கம் முடிந்தது. விரல் நின்றது. நான் நிற்கவில்லை.

மரைக்காயர் பக்கம் தலையைச் சாய்த்து என்ன சொல்கிறான் என்று கேட்டான். அவர் என்ன பதில் சொன்னார் என்பது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. இன்னும் வணக்கம்தான் சொல்கிறார் என்றாராம். அது சத்தியமான மொழிபெயர்ப்பு.

திருச்சியில் வண்டி மாறினேன். நாகூர் நெய்னா மரைக்காயர் அவர்களே என்றபோது அவர் அசையவில்லை. பார்வை என் மேலேயே இருந்தது. அதற்குப் பிறகு லால்குடிக்குத் திரும்பிப் போய், வரும் வழியில் ஒரு வணக்கம் வாங்கியிருந்த அடைக்கலத்துக்கு இரண்டாம் தடவையும் சொன்னேன், அவன் வீட்டில் முதல் தடவை நம்ப மாட்டார்கள். மொரிதா மறுபடி கேட்டான். மறுபடி அதே பதில். பாதி வழியில் நிறுத்தினால் ஜனம் அவமரியாதையாக எடுத்துக்கொள்ளுமே என்று மரைக்காயர் கவலையோடு சேர்த்துக்கொண்டாராம். மொரிதா கடிகாரத்தைப் பார்த்தான். பொறியாளரைப் பார்த்தான். பொறியாளருக்கு உத்தரவு இல்லை, அவர் தேமே என்று உட்கார்ந்திருந்தார்.

கோவில்பட்டி, மணியாச்சி, தூத்துக்குடி. மிக்கேலுக்கு வணக்கம் சொல்லி, “இறுதியாக, பெரியோர்களே, தாய்மார்களே” என்றேன். மொரிதா நிமிர்ந்து உட்கார்ந்தான். உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கத்தைத் தெரிவித்துக்கொண்டு என் உரையைத் தொடங்குகிறேன் என்றேன்.

சிவப்பு விளக்கு அணைந்தது.

மே 30, செவ்வாய்

முன்பல் இரண்டு போய்விட்டது. வலது கண் வீங்கி மூடியிருக்கிறது. சாகவில்லை. காகிதத்தைச் சுவர் விரிசலுக்குள் செருகி வைத்திருந்ததால் தப்பியது.

பேச்சு எங்கே என்று மொரிதா அடிக்கு அடி கேட்டான். தொடங்கிவிட்டேன், விளக்கை அணைத்தது உங்கள் ஆள் என்றேன். மரைக்காயரையும் இரண்டு நாள் உட்கார வைத்து விசாரித்தார்கள். என்னென்ன சொன்னான் என்ற கேள்விக்கு, முதலிலிருந்து கடைசி வரை மரியாதை என்று திரும்பத் திரும்பச் சொன்னாராம். மேலிடத்துக்குப் போக வேண்டிய அறிக்கையில், தன் கண்ணெதிரிலேயே பத்து நிமிடம் தவறிப்போனதை மொரிதா எப்படி எழுதுவான்? பேச்சு மிகுந்த மரியாதையோடு அமைந்தது என்று எழுதி அனுப்பிவிட்டான்.

இன்று முதல் முறையாக வாளி சுமக்க விட்டார்கள். தொட்டியடியில் எல்லாருக்கும் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான். என் பெயர் வந்ததா? வந்தது, வந்தது, உன் பெயரும் வந்தது. அடைக்கலம் குனிந்த தலை நிமிராமல் அழுதான். சித்திரைக்கனிக்குத் தன் பட்டம் என்ன என்று தெரிய வேண்டியிருந்தது. செம்மல் என்றேன். இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டான்.

கொளஞ்சி ஒருவன்தான் வேறு விதமாகக் கேட்டான்.

“ஒங்க பேர யாருண்ணே சொன்னது?”

வாளி கையிலேயே நின்றுவிட்டது. வணக்கம் சொல்கிறவன் தன் பெயரைச் சொல்லிக்கொள்கிற வழக்கம் எந்த மேடையிலும் கிடையாது. அதை அறிவிப்பாளர் சொல்ல வேண்டும். அறிவிப்பாளர் ‘வீரர் ஒருவர்’ என்றதோடு முடித்துவிட்டார். திண்டுக்கல் வழியாகத்தானே வண்டி போயிற்று. அந்த ஸ்டேஷனில் யாரையும் ஏற்றாமல், யாரையும் இறக்காமல் தாண்டிப் போயிருக்கிறேன். ஊரிலுள்ள அத்தனை வீட்டுக்கும் செய்தி சொல்லிவிட்டு என் அக்காவைக் ‘காணவில்லை’ தந்தியோடு உட்கார வைத்துவிட்டேன்.

அறைக்கு வந்து சிரித்தேன். பல் போன இடத்தில் காற்றுப் புகுந்து சிரிப்பு விசில் மாதிரி வந்தது. கொஞ்ச நேரம் கழித்து அது சிரிப்பாக இல்லை. அக்காவுக்கு நான் எழுதிய கடைசிக் கடிதத்தில் பணம் அனுப்ப வேண்டாம் என்று மட்டும்தான் எழுதியிருந்தேன்.

ஜூன் 11, ஞாயிறு

மழை பிடித்துக்கொண்டது. அறைக்குள் கணுக்கால் வரை தண்ணீர். நல்லதுதான், வெயிலில் கிடந்த முதுகுக்கு இதமாக இருக்கிறது.

மொரிதாவை இம்பால் முனைக்கு அனுப்பிவிட்டார்கள். அவனுடைய அறிக்கையைப் படித்த மேலிடத்துக்கு ஒரே சந்தோஷமாம். இவ்வளவு மரியாதையான பேச்சு இன்னொன்று வேண்டும், வேறு ஒரு கைதியைப் பேச வையுங்கள் என்று உத்தரவு வந்திருக்கிறது. புதிதாக வந்திருக்கிற அதிகாரிக்கு நடந்தது எதுவும் தெரியாது. மரைக்காயரைத்தான் கேட்டிருக்கிறான், ஆள் யார் என்று. அவர் யோசித்துப் பார்த்து, விருத்தாசலத்துக்காரன் ஒருவன் இருக்கிறான், நல்ல குரல் என்றாராம்.

கொளஞ்சி உடனே சம்மதித்துவிட்டான். ஆனால் எழுதுவதற்குச் சில நாள் வேண்டும் என்று கேட்டிருக்கிறான். தமிழில் முதலில் வணக்கம் சொல்ல வேண்டுமாம்.

மத்தியானம் வாளியோடு என் அறையைத் தாண்டிப் போனவன், காலில் முள் குத்தின மாதிரி உட்கார்ந்தான். காவல்காரன் மழைக்கு ஒதுங்கி அந்தக் கோடியில் நின்றிருந்தான்.

“அண்ணே, ஒங்க இனிஷியல் என்ன?”

“சு. சுப்பையா மகன்.”

“ஊரு திண்டுக்கல்லு. வேற யாரு பேரும் சேக்கணுமாண்ணே?”

யாரும் இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

“கடைசியில தாய்மார்களேன்னு வரும்ல, அதுக்கு முன்னாடி. திண்டுக்கல் வெள்ளையம்மாள் அவர்களேன்னு சொல்லு, எங்க அக்கா. ரெண்டு தடவை சொல்லு, கொளஞ்சி.”